ஆர்தர் சி. கிளார்க்

ஆர்தர் சார்லஸ் கிளார்க் (டிசம்பர் 16, 1917 – மார்ச் 19, 2008) இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளரும் சுழியோடியும் ஆவார். விண்வெளி பற்றிய புதினங்களால் உலகப் புகழ் பெற்ற இவர், தமது வாழ்நாளில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை இலங்கையில் கழித்தார். அத்தீவின் கடலும் அதிலுள்ள முருகைக்கற் பாறைகளுமே இவரை அங்கு ஈர்த்தன. திருகோணமலைக் கடலடியில் கிடக்கும் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளை வெளியுலகுக்கு அறிவித்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமைக் காலம்

கிளார்க் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்திலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். இவருடைய 13-ஆவது வயதில் தந்தை இறந்தார். குடும்பத்தில் பணவசதி இல்லாமையால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அரசுப் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையின் ராடார் பிரிவில் பணியாற்றினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுவதற்கும் தொலைத்தொடர்பு வழங்கலாம் என்று 1945-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். போருக்குப் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1948-இல் முதல் வகுப்பில் தேறினார்.

கடலை நாடியமை

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகிய இருவரும் 1943-இல் சுழியோடிகளுக்கான புதிய மூச்சுக் கருவியை உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையில் அடைக்கப்பட்ட காற்றை, அந்த ஆழத்திலுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப இக்கருவி மூச்சுக்கு அளித்தது. இதனால் மேலிருந்து வரும் குழாயின் துணையின்றி மனிதன் மீனைப்போல் நீந்த முடிந்தது. விண்வெளியில் மனிதன் உணரும் எடையற்ற நிலையைப் பூமியிலேயே ஓரளவு உணர நீருக்கடியில் நீந்துவதே வழி எனக் கருதி, கிளார்க் 1950-களின் தொடக்கத்தில் சுழியோடக் கற்றார்.

1954-ஆம் ஆண்டு ஆசுத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் செல்லும் வழியில் கப்பல் கொழும்பில் தங்கியது. அங்கு தெகிவளை விலங்குக் காட்சிச்சாலையில் பணியாற்றிய சுழியோடி ரொட்னி ஜொங்க்ளாசைச் சந்தித்தார். இச்சந்திப்பின் பயனாக 1956-இல் தம் நண்பரும் நீரடி ஒளிப்படக் கலைஞருமான மைக் வில்சனுடன் இலங்கையில் குடியேறினார்.

திருகோணமலை

திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் பெற்ற கோணேசர் கோயில், 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. கோயிலின் பகுதிகள் கடலில் வீழ்ந்து கிடப்பதைத் திருகோணமலை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 1956-இல் கிளார்க்கும் வில்சனும் சுவாமி மலையின் அடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் மீன்களிடையே கிடப்பதைக் கண்டு படமெடுத்தனர். இச்செய்தி 1957-இல் வெளிவந்த கிளார்க்கின் நூலில் இடம்பெற்றது. மக்களின் நினைவில் இருந்த செய்தி இதனால் எழுத்திலும் படத்திலும் பதிவாயிற்று. கோணேசர் கோயில் மலைமேல் மீண்டும் கட்டப்பட்டு 1963-இல் குடமுழுக்கு நடைபெற்றது.

இராவணன் கோட்டைப் பாறைத்திட்டு

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைத்திட்டு 'பெரிய இராவணன் கோட்டை' எனப்படுகிறது. பாரை, செப்பிலி முதலிய மீன்கள் இங்குக் கூட்டங்கூட்டமாகத் திரியும். நீரோட்டம் வலுவாக இருப்பதால், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே இங்குச் சுழியோட இயலும். 1961 மார்ச்சில் மீன்களைப் படமெடுக்கச் சென்ற வில்சனும் இரு சிறுவர்களும் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டனர். அதிலிருந்த வெள்ளி நாணயங்கள் பைகளின் வடிவத்திலேயே கட்டிகளாக இறுகியிருந்தன. அவை ஔரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113-இல் (கி.பி. 1702) சூரத்தில் அச்சிடப்பட்டவை. இதனைக் கிளார்க் 1964-இல் நூலாக வெளியிட்டார்.

நோயும் பிற்காலமும்

1962-இல் இளம்பிள்ளைவாதம் எனப் பின்னர் கருதப்பட்ட நோயால் கிளார்க்கின் உடல் செயலிழந்தது. ஓரளவு தேறியதும் மீண்டும் கடலுக்குச் சென்றார். நிலத்தில் நடக்கத் தளர்ந்த உடலுக்கு, எடை தெரியாத நீர் எளிதாக இருந்தது. 1988-இல் அந்நோயின் பின்விளைவு கண்டறியப்பட்டது. அதன்பின் பெரும்பாலும் சக்கர நாற்காலியையே பயன்படுத்தினார்.

1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். இக்கடுவையில் (ஹிக்கடுவ) இவர் நடத்திய சுழியோடி நிலையம் 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது. 2005-இல் 'சிறீலங்காபிமான்ய' விருது பெற்றார்.

மறைவு

கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் தமது 90-ஆவது வயதில் காலமானார். இவர் விருப்பப்படி சமயச் சடங்குகள் எவையுமின்றிக் கொழும்புப் பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். விண்வெளியை எழுத்தில் கண்ட இவர் விண்வெளிக்குச் சென்றதில்லை. எடையற்ற நிலையை இவர் உணர்ந்தது இலங்கைக் கடலிலேயே ஆகும்.