கிந்தனார் கதை சொன்ன கலைவாணர்

சிரிக்க வைத்தவர்கள் பலர். சிரிக்க வைத்தே பள்ளிக்கூடம் போகச் சொன்னவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்!

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சினிமாவில் புகழ் பெற்றார். மனைவி டி.ஏ.மதுரமும் அவருடன் ஜோடியாக நடித்தார்.

அந்த நாளில் ஊர்தோறும் நந்தனார் கதாகாலட்சேபம் நடக்கும். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடி வைத்த கதை அது. பண்ணையாள் நந்தன், சிதம்பரம் போக ஏங்குகிறான். பண்ணையார் தடுக்கிறார். முடிவில் நந்தன் தில்லைக்குப் போய், தீயில் இறங்கி, இறைவனோடு கலந்து விடுகிறான்.

அதே பாணியில் கலைவாணர் சொன்ன கேலிக் கதைதான் "கிந்தனார்". பாட்டு எழுதியவர் உடுமலை நாராயணகவி. 1949-ல் வந்த "நல்லதம்பி" படத்தில் அது இடம் பெற்றது.

கிந்தனும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பையன்தான். ஆனால் அவன் ஏங்கியது படிப்புக்கு! ஊரில் அடிதான் கிடைத்தது. ரெயில் ஏறிப் பட்டணம் போனான். எல்லா சாதியாரும் ஒன்றாக உட்காரும் ரெயில்! படித்தான். பள்ளிக்கூட அதிகாரியாகி ஊருக்கு வந்தான். அடித்த வாத்தியாரே வரவேற்க நின்றார்!

கொட்டகை சிரித்தது. நந்தன் திரும்பி வரவில்லை. கிந்தன் திரும்பி வந்தான். அந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது.

1957 ஆகஸ்டு 30-ந் தேதி கலைவாணர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. தமக்குக் கிட்டாத படிப்பை, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டவர் அவர்.