தங்கையைப் பறித்த புற்றுநோய்.. 12 படுக்கையில் தொடங்கிய போராட்டம்! யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தெரியாதவங்க தமிழ்நாட்டில் இருக்க முடியாது. விருத்தாசலம் மாதிரி ஊர்களில் இருந்தும் பலர் சிகிச்சைக்காக அங்கே போகிறார்கள். அதை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை தெரியுமா?

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30-ல் பிறந்தவர். பெண்கள் படிக்கவே எதிர்ப்பு இருந்த காலம் அது. அதையும் தாண்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். பிறகு சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், துணைத்தலைவர் என்று உயர்ந்தார்.

வாழ்க்கையை மாற்றிய மரணம்

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். ஆரம்பத்தில் அதை சீதபேதி என்றே நினைத்து சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியலை.

அந்த வலியோடு 1925-ல் லண்டன் போனவர், அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தார். சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1935-ல் மேடையிலேயே கேட்டார். ஆனா, புற்றுநோய் வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்கு தனி மருத்துவமனை என்ற எண்ணம்தான் அன்று பலரிடம் இருந்தது. அவர் விடலை. ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் வெறும் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். முத்துலட்சுமி 1968-ல் காலமானார்.

சரி, இதுல விருத்தாசலத்துக்கு என்ன பாடம்?

பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர் இது. களிமண், குவார்ட்ஸ் பொடியைக் கையாளும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படியும். இந்தத் தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே வகைப்படுத்தியது. கூடவே பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

* தூசியை உலர்வாகப் பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாகத் துடையுங்கள். வாயில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. அதற்கான முகக்கவசம் தேவை.

* புகையிலை, பான் மசாலா, மது மூன்றையும் விடுங்கள்.

* 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

* 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போது உடனே போகணும்?

மலத்தில் ரத்தம், ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, மூன்று வாரம் தாண்டிய இருமல், காரணமே இல்லாமல் எடை குறைவது. இதில் எது இருந்தாலும் மூலம், சூடு, சாதாரண சளி என்று நாமே முடிவு செய்து கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. இவையெல்லாம் புற்றுநோயாகத்தான் இருக்கணும்னு இல்லை. ஆனா, அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்த முடியும். முத்துலட்சுமியின் தங்கைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, இன்று நமக்கு இருக்கிறது.