இரைச்சலைப் பெட்டியில் அடைத்த போஸ்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று மிக்ஸி இல்லாத வீடு அபூர்வம். காலையில் சட்னி அரைப்பார்கள். பக்கத்தில் ரேடியோ பாடும். மிக்ஸியைப் போட்டதும் பாட்டு போய்விடும். கரகர சத்தம்தான் கேட்கும்!

காரணம் என்ன?

மிக்ஸி மோட்டாருக்குள் சிறு சிறு மின்பொறிகள் பறக்கின்றன. பொறி பறந்தால் மின்அலை கிளம்பும். அது ரேடியோவுக்குள் புகுந்துவிடும்.

இதைப் போன்ற ஒரு தொல்லை, 1890-களில் கல்கத்தாவில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கும் வந்தது. அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் வேண்டாம்!

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

வெள்ளைக்கார ஆசிரியர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குச் சம்பளம் என்றது சர்க்கார். போஸ் அந்தப் பணத்தைத் தொடவில்லை. பாடம் நடத்துவதையும் நிறுத்தவில்லை. இப்படியே மூன்று ஆண்டுகள்! அப்பாவுக்கோ கடன் தொல்லை. இதற்கு நடுவில் 1887-ல் கல்யாணமும் நடந்தது. மணமகள் அபலா, நம் சென்னையில் டாக்டர் படிப்புப் படித்தவர்.

கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தது. அப்பாவின் கடன் தீர்ந்தது.

இரட்டைப் பெட்டி

அடுத்து மின்அலை ஆராய்ச்சியில் இறங்கினார். நல்ல ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஒரு சிறு அறைதான். உள்ளூர்த் தகர வேலைக்காரரை வைத்துக் கருவிகளைச் செய்தார்.

மின்பொறியால் அலையை உண்டாக்கினார். சற்றுத் தள்ளி, அதைப் பிடிக்கும் கருவியை வைத்தார். அங்கேதான் சிக்கல்! பொறியை உண்டாக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டு விட்டு ஓடும். அப்போது எழும் காந்தக் கலவரம், பிடிக்கும் கருவியைக் குழப்பியது. கருவி அசைந்தால், அது அலையால் அசைந்ததா, கலவரத்தால் அசைந்ததா? அது தெரியாவிட்டால் ஆராய்ச்சியே வீண்.

போஸ் யோசித்தார். கம்பிச்சுருளையும் பேட்டரியையும் இரட்டைச் சுவர் கொண்ட உலோகப் பெட்டிக்குள் வைத்தார். உள்பெட்டி தேனிரும்பால் ஆனது. அது காந்தத்தை வெளியே விடாது. அலை போவதற்கு மட்டும் ஒரு குழாய் வைத்தார். குழப்பம் தீர்ந்தது! 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை விளக்கினார்.

அந்த வழி இன்றும் உதவுகிறது. கேபிள் டி.வி. ஒயரை நறுக்கிப் பாருங்கள். நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை இருக்கும். வெளி இரைச்சலை அது தடுக்கிறது. மிக்ஸிக்கு மட்டும் பெட்டி போதாது. அதன் இரைச்சல் கரண்ட் ஒயர் வழியாகவும் ஓடும். அதை அடக்க, உள்ளே கண்டென்சர் வைக்கிறார்கள். ரேடியோவைத் தள்ளி, வேறு பிளக்கில் போட்டாலும் ஓரளவு குறையும்.

பிற்காலத்தில் போஸ் செடிகளை ஆராய்ந்தார். 1917-ல் கல்கத்தாவில் தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1937 நவம்பர் 23-ந் தேதி காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால், 79 வயது நிறைந்திருக்கும்.