ஒளியைப் பகுத்தறிந்த கிருஷ்ணன்

தென்காசி வழியாகக் குற்றாலம் செல்வோர், பேரருவியின் திவலைகளிலே கதிரொளி பட்டு வானவில் தோன்றுதலைக் கண்டு மகிழ்வர். ஒளியானது ஒரு பொருளினுட் புகுந்து வெளிப்படுங்கால் எவ்வாறு வேறுபடுகின்றது என ஆராய்ந்து புகழ் பெற்ற அறிஞர் ஒருவர், அம்மேற்குமலைத் தொடரின் அடிவாரத்திலேயே, குற்றாலத்திற்கு வடக்கேயுள்ள வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தார். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், பின்னதிலேயே வேதியியற் செய்முறை ஆசிரியராயினார். நண்பகல் ஓய்வு வேளையில் அவர் நடத்திய அறிவியல் உரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவரும் விரும்பி வந்தனர். பின்பு கல்கத்தா சென்று, 1923-இல் சர். சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை ஏற்று, வேறு நிற ஒளியை உமிழும். இதனை உடனொளிர்தல் என்பர். இராமனின் ஆய்வுக்கூடத்தில், நீர்மங்கள் சிதறிய ஒளியிலே வேறு நிறமுடைய மங்கிய ஒளியொன்று கலந்து தோன்றியது. நீர்மத்திலுள்ள மாசினால் எழும் உடனொளிர்தலே அது என முதலில் எண்ணினர். ஆயினும், நீர்மங்களைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்த பின்னும் அவ்வொளி மறையவில்லை.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் அதனைக் கண்ணால் நோக்கி நுணுகி ஆராய்ந்தார். அவ்வொளியின் அதிர்வுகள் பெரிதும் ஒரே தளத்தில் அமைந்திருந்தன. சாதாரண உடனொளிர்தலில் அங்ஙனம் அமைவதில்லை. ஆகவே, அது புதுவகைச் சிதறலே என்பது தெளிவாயிற்று. அம்மங்கிய ஒளியை மாசென்று ஒதுக்கியிருப்பின், பெரியதோர் உண்மை கைந்நழுவிப் போயிருக்கும்! இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயராலும் அச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. பரிசேற்ற உரையில் அவர் கிருஷ்ணனின் பணியையும் குறிப்பிட்டார். கிருஷ்ணனோ டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்வதில் ஊன்றியிருந்தார். அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1940-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1947-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராயினார். 1961 ஜூன் 14-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று நீரிழிவு நோயாளர்க்கு உடனொளிர்தலும் துணைபுரிகின்றது. மேற்கையின் தோலடியில் சிறியதோர் உணர்கருவியைப் பொருத்துகின்றனர். அதனுள் அமைந்த நுண்விளக்கு, குளுக்கோசைப் பற்றும் ஒருவகைச் சேர்மத்தின்மீது ஒளி வீசும். குளுக்கோசு மிகுந்தால் அச்சேர்மத்தின் ஒளிர்வும் மிகும். அதனைக் கொண்டு அளவை அறிவர். இக்கருவிக்கு 2018-இல் அமெரிக்க நாடு இசைவளித்தது. தோலைக் கீறாமலே இராமன் சிதறலால் குளுக்கோசை அளக்கவும் அறிஞர் முயல்கின்றனர். ஆங்கே தோலின் உடனொளிர்தல் அச்சிதறலை மறைத்து இடர் விளைக்கின்றது. கிருஷ்ணன் அன்று பகுத்தறிந்த இரண்டையும் இவர்களும் பிரித்தறிய வேண்டியவராகின்றனர்.

சிறியதென்று எதனையும் இகழாது, ஐயந்தீர ஆராய்வதே அறிவியலுக்கு அடிப்படை. கிருஷ்ணனின் வாழ்வு நமக்கு உணர்த்துவதும் அதுவே.