ஜேன் ஒஸ்ரினும் திருகோணமலைச் சேமக்காலையும்

கந்தளாயிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலை நகருக்குப் போகும் நாம், அங்குள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலையை எத்தனையோ தடவை கடந்திருப்போம். அங்கேதான் சாள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 ஒக்ரோபர் 7ஆம் திகதி, பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே கொலரா கண்டு இறந்தவர். அவருடைய அக்காதான் நாம் ஆங்கில இலக்கிய வகுப்பில் கேள்விப்பட்ட நாவலாசிரியர் ஜேன் ஒஸ்ரின்.

ஜேன் 1775 டிசெம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் ஹம்ப்ஷயரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. சிறு வயதில் வெளியூருக்குப் படிக்க அனுப்பியபோது கடும் காய்ச்சலில் விழுந்து தப்பினார். பின்னர் றெடிங்கில் ஒரு பெண்கள் பாடசாலையில் சேர்ந்தார். கட்டணம் கட்ட வசதி போதாமல் பதினொரு வயதளவில் அந்தப் படிப்பும் நின்றது. மிகுதியைத் தகப்பனாரின் புத்தக அலுமாரியே கற்பித்தது.

1802 டிசெம்பரில் ஒரு செல்வந்த வீட்டுப் பிள்ளை பெண் கேட்டார். மாலையில் சம்மதித்த ஜேன், மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். 1805இல் தகப்பனார் இறந்தார். சொந்த வருமானம் இல்லாத ஜேன், தாயோடும் தமக்கையோடும் சகோதரர்களின் உதவியில் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார். 1809இல் ஒரு சகோதரர் சோட்டன் கிராமத்தில் வீடு கொடுத்த பிறகே எழுத்து ஓடியது.

1813இல் வெளியான 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை 110 பவுணுக்கு விற்றார். அதில் ஒரு தாய்க்கு ஐந்து பெண்கள்; வீடும் நிலமும் போவதோ ஓர் ஆண் உறவினருக்கு. அவரே பெண் கேட்டு வருகிறார். மறுப்பையும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார். வாசிக்கும்போது சிரிப்பு வரும். சற்று யோசித்தால், சீதனப் பேச்சு நடக்கும் நமது விறாந்தைகள் கண்முன் வரும். ஜேன் யாரையும் திட்டவில்லை. ஆட்களைப் பேசவிட்டு, அவர்கள் வாயாலேயே அவர்களைக் காட்டிவிடுவார். தம்பி சாள்ஸ் கடற்படைப் பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலிலும் ஒரு கடற்படைத் தம்பதியில்லாத இளைஞன் தங்கைக்குச் சிலுவை கொண்டு வருகிறான்.

ஜேன் 1817 ஜூலை 18ஆம் திகதி, 41 வயதில் இறந்தார். நோய் எதுவென்று வைத்தியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இருநூறு ஆண்டு தள்ளி நின்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியமாட்டோம். இறப்பதற்கு மூன்று நாள் முன்னரும் குதிரைப் பந்தயக்காரரைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார் என்பது மட்டும் தெரியும். நம்மில் பலர் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டோம்.

உயிரோடு இருந்தவரை அவருடைய நாவல் எதிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. வின்செஸ்ரர் தேவாலயத்தில் அவர்மேல் பதித்த கல்லும் அவர் நாவல் எழுதியதைச் சொல்லவில்லை.

நூறு ஆண்டு காணும் நமது பாடசாலையிலும் இடைநடுவில் நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பரிசுப் பலகையிலும் இல்லை. நமது சங்கத்தின் உதவிப் பணம், அடுத்து நிற்கப்போகும் பிள்ளையை முதலில் தேடிப் போகட்டும்.