தோற்கடிச்சா கல்யாணம்! ஆண் பயில்வான்களை அலறவிட்ட ஹமீதா பானு... ஜெயிச்சதுக்கு கல்லடி கிடைச்சது ஏன்?

டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் அங்கே எதிராளியின் உடையைக் கழற்றினால் வெற்றி என்ற விதியோடு கூட பெண்கள் போட்டிகள் நடந்தன. அரங்கமும் விசிலடித்து ரசித்தது.

பெண்களின் குஸ்தியை இப்படி வேறு ஏதாவது ஒரு கதை சேர்த்து விற்கும் பழக்கம் நம்ம நாட்டிலும் இருந்திருக்கிறது. அதில் சிக்கியவர்தான் ஹமீதா பானு.

யார் இந்த ஹமீதா பானு?

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரைச் சேர்ந்தவர். பெண் குஸ்தி பிடிப்பதை ஊர் ஏற்கவில்லை. அதனால் அலிகாருக்குப் போய், சலாம் பயில்வானிடம் பயிற்சி பெற்றார். 1940-களிலும் 50-களிலும் ஆண்களோடு மோதி நாடு முழுக்கப் பிரபலமானார்.

பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர், அலிகாரின் அமேசான். கிரேக்கக் கதைகளில் வரும் பெண் போர்வீரர்களின் பெயர் அது. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ, தினமும் ஐந்தரை லிட்டருக்கு மேல் பால், ஒரு கோழி, இரண்டு தட்டு பிரியாணி என்று அவரின் உடம்பையும் சாப்பாட்டையும் கூட பட்டியல் போட்டு எழுதினார்கள்.

அது என்ன சவால்?

1954 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. தன்னைக் குஸ்தியில் தோற்கடிக்கும் ஆணையே திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னார் ஹமீதா. பாட்டியாலாவைச் சேர்ந்த ஒருவர், கொல்கத்தாவைச் சேர்ந்த ஒருவர் என இரண்டு பேர் வந்து தோற்றார்கள்.

மே மாதம் வதோதராவில் அடுத்த மோதல். முதலில் மோத வேண்டிய சோட்டா காமா பயில்வான், பெண்ணோடு மோத மாட்டேன் என விலகிவிட்டார். அடுத்து இறங்கிய பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடிகளில் வீழ்த்தினார் ஹமீதா.

டிக்கெட் விற்க இது அருமையான கதைதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆண் தோற்றால் ஓர் ஆட்டம் போகும், அவ்வளவுதான். ஹமீதா தோற்றால் முன்பின் தெரியாத ஒருவருக்கு மனைவியாகணும். ஒரே களம், ஆனால் இரண்டு பேரும் வைத்த பந்தயம் ஒன்றல்ல.

கூட்டம் என்ன செய்தது?

அவர் ஜெயிச்சதைப் பலரால் ஏத்துக்க முடியல. ஒருமுறை ஆண் பயில்வானை வென்றதும் கூட்டம் கூச்சலிட்டு கல் வீசியது. போலீஸ் வந்துதான் காப்பாற்றியது. புனேயில் ராம்சந்திர சாலுங்கேவோடு நடக்கவிருந்த போட்டி, குஸ்தி சங்கத்தின் எதிர்ப்பால் ரத்தானது.

பம்பாய் மாகாணத்தில் அவரின் போட்டிகளுக்குத் தடையும் வந்தது. முதல்வராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் ஹமீதா முறையிட்டார். பெண் என்பதால் தடை இல்லை, அமைப்பாளர்கள் டம்மி ஆட்களை இறக்குவதாகப் புகார் வந்ததால்தான் தடை என்பது அரசின் பதில்.

முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் ஆண்களின் தொழில்முறை குஸ்தி மீதும் இருந்ததுதான். ஆனால் ஹமீதா விஷயத்தில், ஒரு பெண் ஆணை வீழ்த்தினாள் என்பதே பலருக்கு சந்தேகப்படப் போதுமான காரணமாக இருந்தது.

கடைசியில் என்ன ஆனார்?

அதே 1954-ல் மும்பையில், ரஷ்யாவின் பெண் கரடி என அழைக்கப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் தோற்கடித்தார். அடுத்து ஐரோப்பா போகிறேன் என அறிவித்தார். ஆனால் அதன்பின் குஸ்தி களத்தில் அவரைக் காணவில்லை.

ஐரோப்பா போவதைத் தடுக்க பயிற்சியாளரே அவரை அடித்துக் கையை உடைத்தார் என்பது பேரன் பின்னாளில் சொன்ன தகவல். மும்பை அருகே கல்யாணில் பால் வியாபாரம் செய்தும், சாலையோரம் தின்பண்டம் விற்றும் வாழ்ந்த ஹமீதா, 1986-ல் காலமானார். 2024 மே 4-ல் கூகுள் தன் முகப்பில் அவரின் படத்தைப் போட்ட பிறகே பலருக்கும் இந்தப் பெயர் தெரிந்தது.

இன்று நிலைமை?

அஞ்செட்டி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லை தாண்டி நடக்கும் மைசூரு தசரா குஸ்தி தெரிந்ததுதான். அங்கே இப்போது பெண்களும் களமிறங்குகிறார்கள், பெண்களோடு மோதுகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். கல்யாணப் பந்தயம் எதுவும் தேவைப்படவில்லை. ஹமீதாவுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்: ஜெயிச்சா ஜெயிச்சதுன்னு ஒத்துக்கிற ஒரு கூட்டம்.