இடம் மாறிய எஞ்சின்

சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்காக அட்டையில் ஒரு ராக்கெட் மாதிரி செய்தேன். எஞ்சினைத் தாங்கும் சிறு குழாயை, இரண்டு அட்டை வளையங்களால் வெளிக்குழாயின் நடுவே ஒட்டினேன். எஞ்சின் உள்ளே முன்னோக்கிப் பாய்ந்துவிடாதிருக்க ஒரு தடுப்பு வளையமும் வைத்தேன். பார்வையிட்ட பேராசிரியர், எஞ்சினை உச்சியில் பொருத்தினால் என்ன என்று கேட்டார். நான் விழித்தேன். விடை தேடி நூலகம் சென்றபோது கிடைத்ததுதான் ராபர்ட் கோடார்டின் வாழ்க்கை.

கோடார்டு 1882-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். நோயினால் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் பின்தங்கினார். 1899 அக்டோபர் 19 அன்று கிளை வெட்டச் செர்ரி மரத்தில் ஏறியவர், செவ்வாய்க்குச் செல்லும் ஊர்தியைக் கற்பனை செய்தார். அந்நாளை ஆயுள் முழுதும் போற்றினார். 1908-இல் இயற்பியலில் இளநிலைப் பட்டமும், 1911-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். 1913-இல் காசநோய் தாக்கியது, மீண்டெழுந்தார். காற்றில்லா வெளியில் ராக்கெட் இயங்காதென்று 1920-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவரை ஏளனம் செய்தது. அவர் தம் பணியை நிறுத்தவில்லை.

1926 மார்ச் 16. ஆபர்ன் என்னும் ஊரில் உறவினரின் பண்ணை. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கொண்ட உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் எழுந்தது. அதில் எஞ்சின் உச்சியில் இருந்தது. தொட்டிகள் கீழே இருந்தன. முன்னால் நின்று மாடு வண்டியை இழுப்பதுபோல் மேலிருந்து இழுத்தால் நேராகச் செல்லும் என்பது அவர் எண்ணம். இரண்டரை விநாடியில் 41 அடி உயர்ந்து, 184 அடி தள்ளி விழுந்தது.

ஆனால் அந்த எண்ணம் தவறு. எஞ்சின் உடலோடு இறுகப் பிணைந்தது. உடல் சாய்ந்தால் உந்துவிசையும் அதே பக்கம் சாயும். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். அடுத்த ராக்கெட்டிலேயே கோடார்டு எஞ்சினைக் கீழே இறக்கினார். நேராகச் செலுத்த கைரோஸ்கோப்பை நாடினார். 1935-இல் அவ்வாறு செலுத்திய ராக்கெட் 4,800 அடி உயர்ந்தது.

1945 ஆகஸ்டு 10 அன்று அவர் மறைந்தார். 1969 ஜூலை 17 அன்று, அப்பொல்லோ 11 நிலவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, அந்த நாளிதழ் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. அதற்கு 49 ஆண்டுகள் ஆயின. கோடார்டு தம் தவற்றைத் திருத்திக்கொள்ள இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத்தில் கணிதத் தாளில் தவறியதை, செங்கல் சூளையில் உழைக்கும் அப்பாவிடம் மூன்று மாதம் மறைத்திருந்தேன். இந்த வாழ்க்கையைப் படித்த அன்றிரவு சொல்லிவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை. காலையில், மறுபடி எழுதத் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். எழுதினேன், தேறினேன்.